மறுநாட் சோறு

புறநானூற்றின் 250 ஆம் செய்யுளை எங்கள் பிராசீனப் பாடசாலையிலே பாடஞ் சொல்லத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தாயங்கண்ணியார் பாடியது. திணை பொதுவியல், துறை தாபத நிலை. தாளிப்போசை ஓயாத அடுக்களையும், வந்தவர் இளைப்பாறும் பந்தரும் உடையதாயிருந்த ஒரு வீடு. அவ்வீட்டுத் தலைவன் இறந்துவிட்டான். மனைவி கூந்தலைக் களைந்தாள்; வளையைக் கழற்றினாள்; அல்லியரிசி உண்ணத் தலைப்பட்டாள். சோறு கொடுத்தால் பாலும் வேண்டுமென்று முரண்டுபண்ணும் சிறுவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய தகப்பன் சுடுகாட்டுக்குப் போனபின் அந்த வீடு பொலிவிழந்து கிடக்கிறது. செய்யுள் அவ்வளவே.

சொற்பொருள் சொல்வேன், முடிபு காட்டுவேன், தாபத நிலைக்குத் தொல்காப்பியர் வகுத்த இடம் எதுவென்று சொல்வேன், பரீட்சைக்கு வரக்கூடிய வினா இரண்டைக் குறித்துக்கொள்ளச் செய்வேன். ஒரு மணி நேரம் முடிந்துவிடும். சென்ற தை மாதத்தில் ஒருநாள் அவ்வாறே முடிக்கப் போகையிற் கடைசி வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, அந்தப் பிள்ளையளுக்கு அடுத்த நாள் ஆர் சோறு குடுத்தது?"

வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்தேன். சிரித்த வாய் மூடுமுன்னே, அவள் யாருடைய பிள்ளை என்பது நினைவுக்கு வந்தது. 2009 ஆம் ஆண்டில் தகப்பன் காணாமற் போனபோது அவள் தாயின் இடுப்பிலிருந்த குழந்தை. தாய் இன்றும் நெற்றியிற் பொட்டு வைக்கிறார். ஊரிலே சிலர் அதைப் பார்த்து முகஞ் சுளிக்கிறார்கள். அவர் பொட்டை அழித்தாலோ, "புருசன் செத்திட்டான் எண்டு தானே முடிவுகட்டிப் போட்டாள்" என்று சொல்லவும் அவர்களே இருக்கிறார்கள். அந்தப் பெண் கேட்டது இலக்கிய வினா அன்று. உரையிலே விடையில்லை என்று சொல்லி ஏட்டை மூடினேன். விடை எனக்குத் தெரியும் என்பதை வீட்டுக்குப் போகும் வழியிலேதான் உணர்ந்தேன். சோறு கொடுத்தவள் அல்லியரிசி உண்டவளே. வேறு யார்?

அந்த மறுநாளைப் பாடிய புலவர் ஒருவரைத் தேடிப் பார்த்தேன். என் சிற்றறிவுக்கு எட்டியவரையில் அகப்படவில்லை. கணவனோடு ஈமத்தீயிற் புகுந்த பெருங்கோப்பெண்டின் பாட்டு இருக்கிறது. தடுத்த சான்றோரைச் சினந்து, கைம்மை நோன்பின் எள்ளுத் துவையலையும் வேளைக் கீரையையும் எண்ணிக்காட்டி, அதனினும் தீ எனக்குக் குளிர்ந்தது என்னும் கருத்திலே அவள் பேசுகிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் 279 ஆம் பாட்டு இருக்கிறது. முன்னொரு போரிலே தமையனையும், நேற்றைப் போரிலே கணவனையும் இழந்தவள், இன்று பறையொலி கேட்டுத் தன் ஒரே மகனின் தலையை வாரி வேல் கொடுத்து அனுப்புகிறாள். அதற்கு மூதின் முல்லை என்று துறையும் வகுத்தார்கள். தீயிற் பாய்ந்தவளுக்குப் பாட்டு. மகனைக் களத்துக்கு அனுப்பியவளுக்குப் பாட்டு. காலையில் எழுந்து உலை வைத்தவளுக்குத் துறையில்லை. இலக்கணம் வகுத்தவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவர்கள் அரசவைக்கும் போர்க்களத்துக்கும் இலக்கணஞ் செய்தார்கள். உலைமூடி திறந்து பார்ப்பது அவர்கள் வேலையன்று போலும்.

என் தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். சொந்தக் கதையை அச்சேற்றுவது பண்டிதனுக்கு அழகன்று என்று என் ஆசிரியர் சொல்லுவார். அவர் இன்று இருந்தால் இதனைப் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

1979 மாசியில், குத்தகைக்கு எடுத்த புகையிலைத் தோட்டத்தில் இறைப்பு முடிந்து வரம்பிலே வந்த என் தகப்பனாரைப் புடையன் தீண்டியது. விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. அம்மாவுக்கு வயது முப்பத்திரண்டு. அக்காவுக்குப் பதின்மூன்று, எனக்கு ஒன்பது, தம்பிக்கு ஆறு, கடைக்குட்டித் தங்கைக்கு இரண்டு. அந்தியேட்டி முடிந்த மாலையில் முற்றத்திலே பாய் விரித்துப் பெரியவர்கள் கூடினார்கள். என்னை ஒருவர் கூட்டிக்கொண்டு போவது, தம்பியை இன்னொருவர் பொறுப்பது, அக்காவைப் பட்டணத்தில் ஒரு வீட்டு வேலைக்கு விடுவது என்று பேச்சு நடந்தது. ஓர் உறவினர், அம்மாவின் சீதனக் காணியைத் தம் பெயருக்கு எழுதித் தந்தால் மாதம் ஒரு மூடை நெல் தருவதாகச் சொன்னார். அம்மா குசினி வாசலிலே நின்றார். துக்க வீட்டுப் பெண் சபையிலே பேசுவதில்லை. அன்று பேசினார்.

"நாலும் என்னோடைதான் நிக்கும். திண்டாலும் ஒண்டாய், திண்ணாட்டிலும் ஒண்டாய். காணியைப் பற்றி இனி ஒருத்தரும் கதைக்க வேண்டாம்."

இவ்வளவுதான். பாய் சுருட்டப்பட்டது. பிற்காலத்தில் தேசவழமையைப் படித்தபோது அந்த மாலை நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தேற்றிய அந்தத் தொகுப்பு, தகப்பன் இறந்தாற் சிறுபிள்ளைகளைத் தாயிடமே விட்டு, பிள்ளைகளுக்குக் கலியாணமாகும்வரை முதுசத்தையும் அவள் கையிலேயே வைக்கிறது. முந்நூறு ஆண்டுக்கு முன்பே நம்முடைய வழக்கு அவளை நம்பியது. நம்பாதவர்கள் பாயிலே இருந்த பெரியவர்கள்.

அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவிப்பார். ஆறு மணிக்கு முன்னே இரண்டு தேநீர்க் கடைகளுக்கும் நாலைந்து வீடுகளுக்கும் நானும் தம்பியும் பெட்டியிலே கொண்டுபோய்க் கொடுப்போம். தேநீர்க் கடைக்காரர் அன்றன்றைக்குக் காசு தருவார். வசதியான வீட்டுக்காரர்தாம் மாதக் கணக்கிலே கடன் வைப்பார்கள். பகலிலே கிடுகு பின்னல். பின்னேரத்தில் மிளகாய் இடித்தல். எங்கள் பக்கத்திலே கறிக்குத் தூள் இடிப்பது பெரிய வேலை. செத்தல் மிளகாயையும் மல்லியையும் வறுத்து, உரலிலிட்டு, இடித்து, அரிதட்டிலே அரித்து, மீண்டும் இடிக்க வேண்டும். ஊரிலே கலியாணங்கள் நெருங்கினால் ஒரே நாளில் நாலைந்து வீட்டுத் தூள் வந்து குவியும்.

அந்த நாட்களில் மாலையானதும் அம்மா எங்களைத் தொடமாட்டார். தங்கை அழுதுகொண்டு மடியிலே ஏறவந்தால் இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு, "அக்காட்டைப் போ, அக்காட்டைப் போ" என்பார். கையை நல்லெண்ணெய் தடவிக் கழுவினாலும் மிளகாயின் எரிவு இரவுவரை போகாது. அந்தக் கை குழந்தையின் கண்ணிலே பட்டால் என்னாகும்? தங்கையின் முகங் கழுவியது, கண்ணுக்கு மை தீட்டியது, தலை வாரியது எல்லாம் அக்காதான். அம்மா தொடாத அன்னையாய் எங்கள் நடுவே இருந்தார். பிற்காலத்தில் தாயன்பைப் பற்றி மாணவர்கள் எழுதிய எத்தனையோ கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். அவற்றிலே தாயின் கை எப்பொழுதும் மெல்லியதாயும் குளிர்ந்ததாயும் இருக்கும். வாசிக்கும்போதெல்லாம் உயர்த்திய அந்த இரு கைகளே என் கண்முன் நிற்கும்.

பொறுமையின் வடிவம் என்று அம்மாவை யாராவது சொன்னால் ஊரார் சிரிப்பார்கள். வாய் மிகக் கடியது. கடன் கேட்கப்போன இடத்தில் பல்லுக்காட்டத் தெரியாது. சங்கக்கடையிலே நிறை குறைந்தால் அங்கேயே தராசை மறுபடி பிடிக்கச் சொல்லுவார். எனக்கு விழுந்த அடிக்குக் கணக்கில்லை. பூவரசந்தடி எங்கள் வேலியிலே நிறைய இருந்தது. நன்னூற் சூத்திரம் ஒன்றை ஒப்புவிக்கத் தவறிய இரவில் அந்தத் தடி முறிந்ததும் நினைவிருக்கிறது. சூத்திரம் சரியோ பிழையோ என்று அவருக்குத் தெரியாது. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் தடுமாறியதை என் குரலிலிருந்து கண்டுபிடித்தார். சிக்கனம் என்றால் உலோபம் என்று சொல்லத்தக்க சிக்கனம். கோயிற் றேர்த்திருவிழாவில் நாங்கள் ஐஸ்கிறீம் கேட்டு வாங்கியது இல்லை, கேட்காமலிருக்கப் பழகியிருந்தோம்.

இவற்றை மறைத்து எழுதினால் அது நன்றியாகாது. தாயைத் தெய்வமென்று சொல்வதிலே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தெய்வத்துக்குப் பசிப்பதில்லை, தெய்வத்துக்குக் கால் உளைவதில்லை, தெய்வத்துக்கு ஒரு கை கொடுத்து உதவ வேண்டியதில்லை, பூப் போட்டாற் போதும். எங்கள் ஊரார் அம்மாவைப் பற்றி அடிக்கடி சொன்ன சொல் "அவள் ஆம்பிளை மாதிரி, சமாளிப்பாள்" என்பது. பாராட்டுத்தான். அதைச் சொல்லிவிட்டு எல்லாரும் தத்தம் வீட்டுக்குப் போனார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதனைக் கடந்துபோவது பெரும்பிழை. அப்பா இறந்த ஆண்டு அக்கா எட்டாம் வகுப்பு. கணக்கிலே வகுப்பில் முதலாவது. அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை, அவளே நின்றுவிட்டாள். தங்கையைப் பார்க்க ஆள் வேண்டும். கிடுகுக்கு ஓலை நனைக்க ஆள் வேண்டும். அவளுடைய கொம்பாசுப் பெட்டி எனக்கு வந்தது. நான் அதை மகிழ்ச்சியோடு வாங்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும் என்று என்னை நானே மன்னிக்கப் பார்க்கிறேன். ஆயினும் பதினைந்து வயதிலும் இருபது வயதிலும் அதைப் பற்றி நான் ஒரு சொல் கேட்கவில்லை என்பதை எப்படி மன்னிப்பது? தனித்து நின்று பிள்ளை வளர்த்த தாய்மாரைப் போற்றும்போது, பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்த பெண்பிள்ளையும் கூடவே நின்று வளர்த்திருக்கிறாள் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

மறவாதவர் ஒருவர் இருந்தார். சேக்கிழார். மறுநாளைப் பாடியவர் இல்லையென்று மேலே எழுதினேன். சங்கத்திலே இல்லை, பெரியபுராணத்திலே உண்டு. திருவாமூரிலே புகழனார் நோயால் இறக்கிறார். மாதினியார் அவரோடு உயிர்விடுகிறார். மகளாகிய திலகவதியாருக்குப் பேசியிருந்த கலிப்பகையார் போரிலே படுகிறார். திலகவதியாரும் இறக்கத் துணிகிறார். தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து, தாய்தந்தையர் போனபின்னும் நான் இருப்பது உம்மை நம்பியே. நீரும் போவதாயின் உமக்கு முன்னே நான் போவேன் என்னுங் கருத்திலே அழுகிறார். அந்தப் பெண் தம்பிக்காக உயிர் தாங்குகிறார். அத்தம்பியே திருநாவுக்கரசர். இறந்துபட்ட மாதினியாரைச் சேக்கிழார் மதிப்போடு சொல்லி மேற்செல்கிறார். இருந்து வளர்த்த திலகவதியாரிடத்தே நின்று பாடுகிறார். இறப்பதிலும் இருப்பது அரிது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஓர் அமைச்சர் கண்டிருக்கிறார். இந்தப் பகுதியைப் பாடஞ் சொல்லும்போது அக்காவின் கொம்பாசுப் பெட்டி நினைவுக்கு வருகிறது. குரல் கொஞ்சம் தாழ்கிறது. மாணவர்கள் அதைப் பக்தி என்று எண்ணுகிறார்கள்.

1990 க்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக்காலத்தைப் பற்றி எங்கள் பக்கத்தவர்க்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு எரித்த விளக்கிலே பண்டிதப் பரீட்சைக்குப் படித்தேன். அம்மா அந்த வெளிச்சத்தின் ஓரத்திலிருந்து பெட்டி இழைப்பார். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நான் முன்னே சைக்கிளில் அரிசியும் பாத்திரங்களும் கட்டி உருட்டிக்கொண்டு போனேன். கைதடியை அடைந்த பிறகுதான் அம்மாவின் தலையிலிருந்த உரப்பையைப் பார்த்தேன். இடியப்பத் தட்டுகளாக்கும் என்று எண்ணியிருந்தேன். அவிழ்த்தால், பொலித்தீனிற் பொதிந்த என்னுடைய பரீட்சைக் குறிப்புகள். தட்டுகளை வீட்டிலே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "தட்டு ஒருமாதிரி வாங்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

இனிச் சொல்லப்போவது என் குற்றம்.

1991 இல் அக்காவின் கலியாணம். சீதனக் காணியை அக்காவுக்கு எழுதினார். அதிலே தம்முடைய இடியப்பக் காசாற் கட்டிய இரண்டறைக் கல்வீடு. கன்னிக்கால் நாட்டியபோது அம்மா குசினியிலே இருந்தார். அறுகரிசி போட்டபோதும் குசினியிலே இருந்தார். தாரை வார்த்தவர்கள் ஓர் ஒன்றுவிட்ட பெரியப்பாவும் பெரியம்மாவும். அக்காவை வளர்க்க அவர்கள் ஒரு சுண்டு அரிசியும் தந்தவர்களல்லர். நல்லவர்கள்தான், அவர்கள்மேற் குறையில்லை. அன்று நான் இருபத்தொரு வயது இளைஞன். வழக்கு அப்படித்தான் என்று விட்டேன்.

1999 இல் என்னுடைய கலியாணம். அப்பொழுது நான் பண்டிதன். தாபத நிலைக்கு மூன்று பக்கத்தில் உரை எழுதக்கூடியவன். பாலறுகு வைப்பதற்காகப் பலகையிலே என்னை இருத்தினார்கள். சோடி சோடியாக வந்து தலையிலே அறுகம்புல்லைத் தோய்த்து வைத்தார்கள். பால் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது, குசினிக் கதவின் நிலைக்குப் பின்னால் அம்மாவின் சேலைக்கரை தெரிந்தது. முகந் தெரியவில்லை. தன்னுடைய கண் பட்டாலும் மகனுக்குக் கூடாது என்று எண்ணி முகத்தை உள்ளே வைத்துக்கொண்டார் என்று பிறகு அக்கா சொன்னாள். "அம்மா, இங்கை வாங்கோ" என்று மூன்று சொல் நான் சொல்லியிருந்தால் யார் என்னைத் தடுத்திருப்பார்? மணவறையிலிருந்து எழுந்துபோய்க் குசினியிலே அவர் காலில் விழுந்தேன். ஊர் அதை மெச்சியது. சபையிலே தராத இடத்தை அடுக்களையிலே கொடுத்ததற்கு மெச்சியது. அம்மா 2016 இற் காலமானார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த நாட்டை எண்ணிப் பாருங்கள். 1959 செப்டெம்பரிற் கணவரைக் கொலையாளிக்குப் பறிகொடுத்த சிறிமாவோ பண்டாரநாயக்க, மூன்று பிள்ளைகளின் தாய், 1960 யூலையில் உலகின் முதற் பெண் பிரதமரானார். அவருடைய மகள் சந்திரிகாவும் 1988 இற் கணவரை இழந்து, இரு பிள்ளைகளோடு நின்று, 1994 இற் சனாதிபதியானார். அவர்களுடைய அரசியலைப் பற்றி எனக்குப் பல மாறுபாடுகள் உண்டு, அது வேறு. ஒரு பிரதமரை விழாவுக்கு அழைத்துக் குத்துவிளக்கைக் காட்டும்போது, அவர் சுமங்கலியா என்று எவருங் கேட்பதில்லை. பதவி வந்தால் அமங்கலம் போய்விடுகிறது. இடியப்பம் அவிப்பவளிடத்திலே மட்டும் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இது ஒரு வீட்டுக் கதையாயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போர் முடிந்து அடுத்த ஆண்டில், 2010 இல், அரசாங்கத் தரப்பிலிருந்து வெளிவந்த கணக்கு வடக்கிலும் கிழக்கிலுமாக 89,000 விதவைகள் என்றது. அவர்களுடைய பிள்ளைகளே இன்று எங்கள் வகுப்புகளிலே இருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுத்து, வாரந்தோறும் வந்து வட்டியோடு அறவிடும் நுண்கடன் நிறுவனங்களின் கையில் அந்தத் தாய்மார் பட்டபாட்டை ஊர் அறியும். 2018 இல், வறட்சி மாவட்டங்களிற் பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபா வரையான கடன்களை நீக்குவதாக அரசு அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. கணவன் காணாமற் போனவளின் நிலை இன்னும் இடக்கானது. தேசவழமைக்குட்பட்ட மனைவி, 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் சொந்தச் சீதனக் காணியையும் கணவனின் எழுத்துச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. அவன் எங்கேயென்றே தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் ஏற வேண்டும். என் மாணவியின் தாய் மகளின் படிப்புக்காகக் காணியின் ஒரு துண்டை ஈடுவைக்கப் போய், இந்த விடயத்தைக் கற்றுக்கொண்டார். கைம்பெண்ணுக்கு உள்ள அதிகாரமும் அவருக்கு இல்லை. சுமங்கலிக்கு உள்ள மரியாதையும் இல்லை.

இவர்களுக்குக் கூட்டம் வைத்துப் பொன்னாடை போர்ப்பதைப் பற்றி எனக்கு எதிர்ப்பில்லை. அதற்கு முன்னே செய்யத்தக்கன சில உண்டு. அவளிடத்தில் வாங்கிய பண்டத்துக்கு அன்றே காசைக் கொடுக்கலாம். மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் ஆசிரியர் படலை திறந்துகொண்டு போய் ஏனென்று கேட்கலாம்; எங்கள் அக்காவுக்காக எவரும் வரவில்லை. பெற்று வளர்த்தவளைக் கலியாண வீட்டிலே கதவுக்குப் பின்னால் நிறுத்தாமலிருக்கலாம். இதற்குக் காசும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம்.

சாத்திரம் என்ன சொல்கிறது என்று சில அன்பர் கேட்பார்கள். சாந்தோக்கிய உபநிடதத்திலே சத்தியகாமன் என்றொரு சிறுவன் வருகிறான். தகப்பன் பெயர் தெரியாது. தாய் சபாலை, பலரிடத்திலே வேலைசெய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயரைச் சொல் என்கிறாள். அவன் ஆசிரியர்முன் அவ்வாறே சொல்கிறான். அவர் அவனை மாணவனாக ஏற்கிறார். தாயின் பெயரே அவனுக்குக் குலமாயிற்று. இதுவும் சாத்திரந்தான். பாலறுகு வைப்பதோ ஊர்வழக்கு. மொழியிலே பழைய வழக்கு நீங்கிப் புதியது ஏறுவதைக் குற்றமென்று கொள்ளாதவர் நன்னூலார். அவரைப் படித்த நாங்கள் வீட்டுவழக்கை மட்டும் கல்வெட்டாக்கி வைத்திருக்கிறோம்.

மிளகாய்க் கைக்கு அஞ்சி அம்மா தொடாத அந்தத் தங்கை, 2009 மாசியில் வன்னியிலே எறிகணைக்குக் கணவனைக் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரு தையல் இயந்திரத்தைக் கொண்டு வளர்த்தாள். மூத்தவளுக்கு வருகிற ஆவணியிற் கலியாணம். பொன்னுருக்கலுக்கு நாள் குறிக்கப் போன இடத்தில், பெண்ணுக்கு முதற் பாலறுகு அவளுடைய தாயே வைப்பாள் என்று சொன்னேன். தங்கை என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் அண்ணா. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டு எண்டால் என்னைத்தான் சொல்லுவினம்." மருமகள் பக்கத்திலிருந்தாள். "அம்மா வைக்காட்டில் நான் பலகையிலை இருக்கேல்லை, மாமா" என்றாள். தங்கை ஒன்றும் சொல்லவில்லை; சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்தாள்.

குருக்கள் ஐயா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். வயதானவர், என்னுடைய கலியாணத்தையும் செய்துவைத்தவர் அவரே. கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுப் பஞ்சாங்கத்தைத் திருப்பினார். "காலமை ஆறே காலிலை இருந்து ஏழே கால் வரைக்கும் நல்லாய் இருக்கு. தாயை வெள்ளண முழுகி ஆயத்தமாய் இருக்கச் சொல்லுங்கோ" என்றார்.